முட்டியக்காவின் அலமாரிக் கதவு

என் மனைவிக்குத் துறைமுக ஆஸ்பத்திரியில் முட்டியக்கா என்று பேர். மடங்காத முழங்காலை மடங்க வைப்பது அவள் வேலை. அறை வாசலில் பிசியோதெரபி என்று போர்டு இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி யாரும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. "முட்டியக்கா ரூம் எதுங்க?" என்றுதான் கேட்பார்கள். வாட்ச்மேன் கையைக்கூட நீட்ட மாட்டார், தாடையை ஒரு பக்கமாகத் திருப்பிக் காட்டுவார்.

நான் அதே துறைமுகத்தின் மூன்றாம் கேட்டில் லாரிகளை எடை போடுகிறேன். லாரி மேடையில் ஏறும், எடையைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன், இறங்கிப் போகும். முப்பது வருஷமாக இதே வேலை. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்று டிரைவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தினால்தான் எனக்குக் கல்யாணமே ஆயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் எடை மேடையின் இரும்புப் படியில் வழுக்கி, முட்டியை நேராகக் கொண்டுபோய் விளிம்பில் இடித்துக்கொண்டேன். முட்டிச் சில்லு இரண்டாக உடைந்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆறு வாரம் நீட்டியபடியே கிடந்த கால், கட்டைப் பிரித்த பிறகு மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. அப்போது அவள் வேலைக்குப் புதிது. என்னை மேஜை விளிம்பில் உட்கார வைத்து, தான் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளுவாள். நான் தொடையை இறுக்கிக்கொள்வேன். வேண்டுமென்று செய்வதில்லை. வலி வரப்போகிறது என்று தெரிந்தால் தொடைச் சதை தானாக இறுகிவிடும், அது இறுகினால் முட்டி அசையாது.

"லூசா விடுங்க சார்."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? கல்லு மாதிரி இருக்கு."

மூன்று நாள் இதே பேச்சு. நான்காம் நாள் அவளுக்கே அலுத்துப்போய், என் முட்டியின் மேல் விரலால் தட்டி, "இந்த வட்ட எலும்புக்கு உங்க வீட்டுல என்ன பேரு சொல்வாங்க?" என்று கேட்டாள்.

"சில்லு. முட்டிச் சில்லு."

"ஏன் சில்லுன்னு பேரு?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏன்னா என்னம்மா அர்த்தம்? வட்டமா, தட்டையா, உடைஞ்ச ஓடு மாதிரி இருந்தா அதைச் சில்லுன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? கட்டம் போட்டு, சில்லை எறிஞ்சு, நொண்டி ஆடிக்கிட்டே போவாங்களே, சின்ன வயசுல நீங்க ஆடினதில்லையா? எலும்புக்குப் பேரு தெரியாதவங்களை எல்லாம் எவன் இங்க வேலைக்கு வச்சான்? எங்க கேட்டுல ஒரு லாரிக்கு நம்பர் தெரியலன்னா எங்க மேனேஜர் என்னை..."

"எழுபத்தி நாலு," என்றாள் அவள்.

கோணமானியை என் முட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அறுபது. நான் கத்திக்கொண்டிருந்தபோதே பதினான்கு டிகிரி மடக்கிவிட்டாள், எனக்குத் தெரியவேயில்லை. அலமாரிக் கதவைத் திறந்து, அதன் உட்பக்கத்தில் பென்சிலால், 'சில்லு – 74' என்று எழுதினாள். எனக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போயிற்றென்று தெரியவில்லை. மறு வருஷம் எங்களுக்குக் கல்யாணம். எத்தனாவது டிகிரியில் பெண் சம்மதித்தாள் என்று என் கூட்டாளிகள் இன்னும் கேட்கிறார்கள்.

அன்றைக்கு அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. வாயைப் பிடுங்கினால் முட்டி தானாக வரும். எங்கள் துறைமுகத்துக்கு எல்லாத் தேசத்துக் கப்பலும் வரும். ஈரமான தளத்தில் வழுக்கியவன், ஏணியிலிருந்து தவறியவன், கயிற்றில் கால் சிக்கியவன் என்று வாரத்துக்கு நாலு பேராவது அவளிடம் வந்து சேர்வார்கள். ஒவ்வொருவரிடமும் முட்டியைத் தட்டி இரண்டு கேள்வி கேட்பாள். "இதுக்கு உங்க பாஷையில என்ன பேரு? அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" முதல் கேள்விக்கு எவனும் பட்டென்று சொல்லிவிடுவான். இரண்டாவதில்தான் மாட்டுவான். பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வார்த்தைதான், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டான். கூரையைப் பார்ப்பான், நெற்றியைச் சுருக்குவான், பக்கத்துக் கட்டில்காரனைக் கேட்பான். அதற்குள் இவள் எட்டு டிகிரி மடக்கியிருப்பாள்.

அப்படித்தான் அந்தக் கதவு நிறைந்தது. ஜெர்மன்காரர் ஒருவர் க்னீஷைபெ என்றார், முட்டி வட்டு என்று அர்த்தம். "நம்ம சில்லும் அவங்க வட்டும் ஒண்ணுதாங்க," என்று வீட்டுக்கு வந்து என்னிடம் அப்படிப் பூரித்துப்போனாள். சுவீடன்காரருக்கு அது க்னேஸ்கோல், முட்டிக் கிண்ணம். ரஷ்யர் சாஷெச்கா என்று சொல்லிவிட்டு, அர்த்தம் சொல்ல வராமல் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு தேநீர் குடித்துக் காட்டினார். சின்னக் கோப்பையாம். பிரெஞ்சுக்காரருக்கு ரோத்யூல், ஸ்பானிஷ்காரருக்கு ரோத்துலா, இரண்டும் சின்னச் சக்கரம். ஆங்கிலத்தில் பேசுகிறவர்களுக்கு முட்டிக்குப் போட்ட குல்லா. கிரேக்க மாலுமி எபிகொனாத்தீதா என்று வாய் நிறையச் சொன்னதும் இவள் ஆசையாகக் கேட்டிருக்கிறாள். 'முட்டி மேல இருக்கறது' என்றாராம். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பேரு கேட்டா விலாசம் சொல்றாரு," என்றாள்.

எல்லாரையும்விட அவளுக்குப் பிடித்தது ஓர் இத்தாலிக்காரர், கப்பலில் எலெக்ட்ரீஷியன். அவருக்கும் அது சக்கரம்தான். சொல்லிவிட்டு, தன் கேஸ் சீட்டில் டாக்டர் எழுதியிருந்த 'படெல்லா'வைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தன் பெண்டாட்டி முட்டை பொரிக்கிற சட்டிக்குப் பதெல்லா என்று பேர், அந்தச் சட்டியும் டாக்டர் எழுதியதும் ஒரே லத்தீன் வார்த்தை, பழைய காலத்தில் சின்னத் தட்டு என்று அர்த்தம் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் வாணலிக்குச் சொல்கிற வார்த்தைகூட அதிலிருந்து வந்ததுதானாம். தட்டு என்ற வார்த்தை அடுப்படிக்குப் போய்விட்டது, முட்டிக்குச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டார்கள். இந்த விளக்கம் முடிவதற்குள் அவர் முட்டி நூற்றுப் பத்து டிகிரிக்கு வந்துவிட்டது. இவள் உடனே ஓடிப்போய் எலும்பு டாக்டரிடம் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டு, "இருபது வருஷமா எழுதறேன், தட்டுன்னு இன்னைக்குத்தான்மா தெரியும்," என்றாராம்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்கு ஒரு நாள் அடி விழுந்தது. வாலிபன் ஒருவன், எந்தத் தேசம் என்று நான் சொல்ல மாட்டேன், கேட்டதும் சிரிக்காமல் ஒரு வார்த்தையைச் சொன்னான். இவளும் நம்பிக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதினாள். இரண்டு மாதம் அந்தத் தேசத்து ஆட்கள் வந்து, அலமாரியைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். கடைசியில் ஒரு வயதான கேப்டன், காதெல்லாம் சிவந்துபோய், "மேடம், அது முட்டி இல்லை," என்றார். வேறு என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ரப்பர் வைத்துத் தேய்த்ததில் அந்த இடத்தில் பெயின்ட் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டாள். ஒரு வார்த்தையை இரண்டு கப்பல் சொல்ல வேண்டும். ஒரே கப்பலில் பத்துப் பேர் சத்தியம் செய்தாலும் கணக்கில் வராது. அர்த்தம் உட்பட, வேறு கப்பலிலிருந்து இன்னொருவர் வந்து அதையே சொன்னால்தான் பென்சில் எடுப்பாள்.

"போன்ல தட்டினா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்," என்று நான் ஒரு தடவை சொன்னேன்.

"போனுக்கு முட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

இந்தச் சட்டம் போட்ட புதிதில்தான், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தப் போலிஷ் சமையல்காரர் வந்தார். குண்டு ஆள், முகம் முழுக்கச் சிரிப்பு. முட்டியைத் தட்டிக் கேட்டதும் ஜெப்கா என்றார். அர்த்தம் கேட்டால், குட்டி டர்னிப் என்றார். டர்னிப் கிழங்கு, உருண்டை முள்ளங்கி மாதிரி இருக்குமே, அது. சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

சிரிக்காமல் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். முந்தின காயம் ஆறாமல் இருந்தவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. காலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு இவ்வளவு போதும்," என்று எழுந்துவிட்டாள். அறுபத்தெட்டில் நின்றது. அவர் புரியாமல் விழித்துவிட்டுப் போனார். அவருக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது, அந்த இரண்டு நாளும் மாலை ஷிப்டுக்குத் தள்ளிவிட்டாள். மாலை ஷிப்டில் இருப்பவருக்கு மௌனசாமி என்று பட்டப்பேர். நல்ல வேலைக்காரர், ஆனால் வாயில் வார்த்தை வராது. பேச்சுக் கொடுக்காமல் மடக்கினால் எவன் முட்டி மடங்கும்? சமையல்காரர் அந்த அறுபத்தெட்டோடு கப்பல் ஏறிப் போய்விட்டார். இவள் 'டர்னிப் – 68' என்று சின்னதாக எழுதி, அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பொய்' என்று எழுதி வைத்தாள்.

இதெல்லாம் பழைய கதை. இந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

நோயாளி ஒருவருக்கு, ஈரத் தரையில் வழுக்காமல் எப்படி நடப்பது என்று நடந்து காட்டினாள். அப்போதுதான் துடைத்த தரை. வழுக்கி விழுந்தாள். முட்டிச் சில்லு உடைந்தது. அவள் அறையில், அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில், நோயாளியின் கண்ணெதிரில். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "இப்படித்தான் விழக் கூடாதுன்னு சொன்னேன், புரிஞ்சுதா?" என்று அந்த ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் என் கையைப் பிடித்த பிடியில் அவள் நகம் பதிந்துவிட்டது.

அதே கம்பி, அதே கட்டு, அதே ஆறு வாரம். கட்டைப் பிரித்த பிறகு மௌனசாமி அவளைக் கவனித்துக்கொண்டார். நாற்பது, ஐம்பத்தைந்து, எழுபது என்று வந்தது. எண்பதில் நின்றது. மூன்று வாரம் எண்பதிலேயே நின்றது. நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே தொண்ணூறு வேண்டும். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொருவர் காலைப் பிடிக்க அதற்கும் மேலே வேண்டும். தொண்ணூறு வந்துவிட்டால் மற்றது வேலை பார்க்கும்போதே வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். வராவிட்டால் என்ன என்பதையும் சொன்னார்.

"திங்கக்கிழமை பார்ப்பேன்மா. தொண்ணூறு இல்லன்னா மயக்க மருந்து கொடுத்து நானே மடக்கிடறேன். அப்புறம் இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் ரூம்?"

அவர் மேஜையில் இருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தார். "ஆபீஸ்ல கேக்கறாங்க. அவ்வளவு நாளு காலை ஷிப்டைக் காலியா வைக்க முடியாதாம். நிரந்தரமா ஒரு ஆளைப் போட்டுட்டு, உங்களைச் சீட்டுப் பதியற கவுண்டருக்கு மாத்தறதாப் பேச்சு."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "கவுண்டர்ல உக்காந்தா முட்டி மடங்கத் தேவையே இல்ல, நீட்டிக்கிட்டே உக்காரலாம்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த ஆபீஸை எடை மேடையில் ஏற்றி நசுக்க வேண்டும் போல இருந்தது.

அவளுடைய வித்தை அவளிடமே பலிக்காது என்பதுதான் கொடுமை. மௌனசாமி தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். முட்டியைத் தட்டி, "அக்கா, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார், பாவம்.

"எங்கிட்டயேவா தம்பி?" என்றாள் இவள். தொடை கல்லாகிவிட்டது.

நான் என் பங்குக்கு என்னவெல்லாமோ செய்தேன். கூடப் போய் உட்கார்ந்து, லாரி டிரைவர்கள் கதையெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "இப்ப மடக்கப் போறாரு, அதானே உங்க திட்டம்?" என்பாள். கண்ணை மூடச் சொன்னேன். பாட்டுப் பாடச் சொன்னேன். பழைய சண்டை ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன், என் தங்கை கல்யாணத்தில் யாருக்கு யார் சொல்லாமல் விட்டது என்ற சண்டை. அவள் நிதானமாக, "தப்பு என்மேலதான், விடுங்க," என்று சொல்லிவிட்டாள். இருபத்து நான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான். நான் பயந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையில் அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டு மௌனசாமி ஒத்தடத்துக்கு வெந்நீர் எடுத்துவரப் போயிருந்தார். நான் உள்ளே போனபோது அவள் அலமாரிக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா வர்றவங்க முதல்ல இதை வெள்ளை அடிப்பாங்க," என்றாள். பிறகு கோடு போட்ட அந்த வரியைக் காட்டி, "போகட்டும். என்னைக் கேலி பண்ணின இந்த ஆளாவது இதுக்குள்ள சிரிச்சு முடிச்சிருப்பாரு," என்றாள்.

எனக்கு அந்தச் சமையல்காரர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒன்பது வருஷம் கழித்தும் இவள் மனதில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறானே. ஒன்றே ஒன்றாவது செய்வோம், ஒரு போலிஷ்காரனைப் பிடித்து, அது பொய்தான் என்று எழுதி வாங்கி, இவள் கையில் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அதனால் முட்டி மடங்கும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அவள் மனம் கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையிலிருந்து கேட்டைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு கப்பல்காரனையும் நிறுத்தி, "போலிஷா?" என்று கேட்டேன். லாரிகள் பின்னால் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் ஆமாம் என்றார். இன்ஜின் அறை ஆள், நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. முடிவெட்டும் கடையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். நான் என் முட்டியைத் தட்டிக் காட்டினேன். எனக்கு அடிபட்டிருக்கிறது என்று நினைத்து என்னை உட்கார வைக்கப் பார்த்தார். ஒரு வழியாகப் புரியவைத்தேன்.

"ஜெப்கா," என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கூரையைப் பார்க்கக் கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தார். என் கையிலிருந்த எடைச் சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் உருண்டையாக ஒன்றை வரைந்தார். மேலே இரண்டு இலை போட்டார். கீழே வால் போல ஒரு வேர் போட்டார்.

"டர்னிப்பா?" என்றேன்.

"டர்னிப், டர்னிப். ஸ்மால் டர்னிப்," என்று முதுகில் தட்டினார்.

என்ன செய்வது? இரண்டாவது கப்பல் சொல்லிவிட்டது. கப்பல் பேரையும் கையெழுத்தையும் அதே சீட்டில் வாங்கிக்கொண்டேன். நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். சொன்னால், சும்மா வந்த ஒரு மனுஷனை இவள் விரட்டிவிட்டாள் என்றாகிவிடும். சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அந்தக் கதவில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் கட்டிக் காத்தவள் அவள்.

அவள் மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மௌனசாமி குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்திருந்தார். நான் சீட்டை நீட்டினேன்.

"அந்தச் சமையல்காரர் சொன்னது நிஜம். இன்னொரு கப்பல் ஆளும் அதையேதான் சொல்றாரு."

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "என்ன, புதுத் திட்டமா?"

"திட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நிஜமாத்தான்."

"யாருக்குக் காது குத்தறீங்க? இது நீங்க வரைஞ்சது."

"எனக்கு வரையத் தெரியுமா? எடை மேடைக்கு அம்புக்குறி போடச் சொன்னாலே வாத்து மாதிரி வரும். இலையைப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு."

"யாராவது முட்டிக்கு டர்னிப்னு பேரு வைப்பாங்களா?"

இதைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. காலையிலிருந்து வெயிலில் நின்று, லாரிக்காரர்களிடம் திட்டு வாங்கி, இவளுக்காக ஒருவனைத் தேடிப் பிடித்தால், நான் வரைந்தேன் என்கிறாளே. "ஏன் வைக்கக் கூடாது? தட்டுன்னு வைக்கலாம், கிண்ணம்னு வைக்கலாம், கோப்பைன்னு வைக்கலாம், சக்கரம்னு வைக்கலாம், டர்னிப்னு மட்டும் வைக்கக் கூடாதா? இவ்வளவு நாளா நீயே எழுதி வச்சிருக்கியே, எல்லாம் உருண்டையா கண்ணுல பட்டதைப் பார்த்து வச்ச பேருதானே? அவங்க கண்ணுல டர்னிப் பட்டுச்சு."

"அப்ப ஏன் சிரிச்சாரு அந்த ஆளு?"

"டர்னிப்னா சிரிப்பு வராதா? இந்த ஆளும்தான் சிரிச்சாரு. எனக்கே வந்துச்சு."

"பொய் சொல்றவங்கதான் சிரிப்பாங்க."

"அந்தக் காலிப் பய சிரிக்காம சொன்னானே, அவனை நம்பி ரெண்டு மாசம் கதவுல எழுதி வச்சது யாரு? சிரிக்காதவனை நம்பின, சிரிச்சவரை விரட்டிட்ட. ரெண்டு கப்பல் சட்டம் போட்டது நீ. ரெண்டாவது கப்பல் வர்றதுக்கு முன்னாடியே பொய்னு எழுதினதும் நீ. ஒரு கப்பல் சொன்னா எழுதக் கூடாதுன்னா, பொய்னு மட்டும் எப்படி எழுதலாம்?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "எங்க, கையெழுத்தைக் காட்டுங்க. கப்பல் பேரு என்ன? கொண்டாங்க அதை. நீங்க பாட்டுக்குக் கேட்டுல நிக்கற யாரையோ புடிச்சு, டர்னிப்பான்னு நீங்களே எடுத்துக் கொடுத்திருப்பீங்க. அவரும் ஆமான்னு மண்டையை ஆட்டியிருப்பாரு. இப்படியா கேக்கறது? முதல்ல பேரைக் கேக்கணும், அப்புறம் அர்த்தத்தைக் கேக்கணும், நடுவுல நாம வாயே தொறக்கக் கூடாது. இருபத்தி நாலு வருஷமா பக்கத்துல இருந்து என்னத்தைக் கத்துக்கிட்டீங்க நீங்க?"

"நான் எதையும் எடுத்துக் கொடுக்கல. அவரா வரைஞ்ச பிறகுதான் கேட்டேன்."

"குடுங்கன்னா குடுங்க," என்று சீட்டைப் பிடுங்க முன்னால் சாய்ந்தாள்.

"தொண்ணூத்தி நாலு," என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

மௌனசாமி. அவர் குரல் அவ்வளவு கனமானது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கோணமானியை முட்டியோடு ஒட்டி வைத்திருந்தார். அவள் கால் மேஜைக்கு அடியில் மடங்கிப் போயிருந்தது. சீட்டைப் பிடுங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"அளவு சரியா பாருங்க தம்பி," என்றாள் மெதுவாக.

அவர் மறுபடி வைத்துப் பார்த்தார். நான்கு விரலைக் காட்டினார். வார்த்தை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

அவள் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "நிஜமாவே திட்டம் இல்லையா?"

"இல்லம்மா. எனக்கு நிஜமாவே கோபம்."

"தெரியுது," என்றாள். சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மௌனசாமி எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை டாக்டர் தொண்ணூற்றாறு என்று எழுதினார். மயக்க மருந்துப் பேச்சு அதோடு முடிந்தது. கவுண்டருக்கு மாற்றும் காகிதத்தை அவர் எங்கள் கண்ணெதிரிலேயே கிழிக்கவில்லை, ஆனால் மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், தன் அறைக்கு நடந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். 'பொய்' என்பதை ரப்பரால் அழித்தாள். பெயின்ட் போகாமல் பார்த்து அழித்தாள். கோட்டையும் அழித்தாள். 'ஜெப்கா – குட்டி டர்னிப்' என்று தெளிவாக எழுதினாள். பக்கத்தில் அந்தச் சமையல்காரரின் அறுபத்தெட்டை அப்படியே விட்டு, அதற்குப் பக்கத்தில் தன் தொண்ணூற்று நான்கையும் எழுதினாள். இரண்டையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு திரும்ப இந்தப் பக்கம் வருவாரா?"

"கப்பல் வந்தா வருவாரு. ஏன்?"

"வந்தா கூட்டிக்கிட்டு வாங்க. அவருக்கு நான் இருபத்தாறு டிகிரி பாக்கி."

அவள் மறுபடி வேலைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நானும் கேட்டில் அதே லாரிகளைத்தான் எடை போடுகிறேன். போலிஷ் கப்பல் வந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும், இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறேன். குண்டாக, சிரித்த முகமாக, ஒரு காலை நீட்டி நீட்டி வைத்து நடக்கிற ஒருவர் வந்தால் லாரியை அப்படியே நிறுத்திவிட்டுப் போவேன்.